வானத்து விசித்திர ஒளிகளும் பழனிமலை வானாய்வும்

வானத்தில் வழக்கத்துக்கு மாறாகத் தோன்றும் ஒளிகளை மனிதர் எல்லாக் காலத்திலும் கண்டு வந்துள்ளனர். அவற்றுக்குத் தரப்பட்ட விளக்கங்கள் காலத்துக்கேற்ப மாறின. ஒரு காலத்தில் அவை அரசனின் சாவுக்கு அறிகுறியாக இருந்தன. வேறொரு காலத்தில் உலக முடிவின் முன்னறிவிப்பாகவும், அண்மைக் காலத்தில் பகைநாட்டு வேவு விமானங்களாகவும் கருதப்பட்டன. இந்த விளக்கங்களில் பல பிழையானவை. எனினும், கண்டவர்கள் தாம் கண்டதை நாள், நேரம், திசை ஆகியவற்றுடன் சரியாகக் குறித்து வைத்த இடங்களில் அந்தப் பிழைகளைப் பின்னால் திருத்த முடிந்தது. தமிழகத்தில் இந்த வரலாறு பழனிமலையோடும் கொடைக்கானல் வானாய்வகத்தோடும் நெருங்கிய தொடர்புடையது.

மலைச்சிற்றூரின் இரவு வானம்

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டத்தில், வில்பட்டியை ஒட்டிய பகுதியில் அமைந்துள்ள மலைச்சிற்றூர் பள்ளங்கி. பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ் முதலியவை விளையும் மேல்மலைப் பகுதிகளில் காட்டுமாடும் காட்டுப்பன்றியும் தோட்டத்தில் இறங்காமலிருக்க இரவுக் காவல் இருப்பது வழக்கம். நகர வெளிச்சம் குறைந்த இத்தகைய ஊர்களில், சமவெளியில் கண்ணுக்குப் படாத பல ஒளிகள் தெளிவாகத் தெரியும்.

அவற்றுள் சில மலைக்கே உரியவை. கோடைத் தொடக்கத்தில் எதிர்ச்சரிவில் பற்றும் காட்டுத்தீ, இரவில் மலையின் உருவம் இருளில் மறைந்துவிடுவதால், அந்தரத்தில் தொங்கும் ஒளிச்சரம் போலத் தோன்றும். மென்முகில் படர்ந்த இரவில் நிலவைச் சுற்றி வட்டம் கட்டுவதுண்டு. உயரத்திலுள்ள மேகங்களின் பனிப்படிகங்கள் ஒளியை வளைப்பதால், ஏறத்தாழ 22 பாகை ஆரத்தில் இவ்வட்டம் அமைகிறது. 'அகல் வட்டம் பகல் மழை' என்ற பழமொழி இதைக் கண்டு பழகியவர்கள் சொன்னதாகும். இத்தகைய உயர்மேகங்கள் மழைமேகங்களுக்கு முன்னால் வருவதுண்டு என்பதால் அச்சொல்லில் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

கொடைக்கானலில் 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் நடைபாதையில் அரிதாக இன்னொரு காட்சியைக் காணலாம். முதுகுப்புறம் சூரியனும் எதிரே பள்ளத்தாக்கை நிறைத்த பனிமூட்டமும் இருக்கும்போது, நிற்பவரின் நிழல் மூட்டத்தின்மேல் பேருருவாக விழுகிறது. அதன் தலையைச் சுற்றி வானவில் நிறங்களில் ஒளிவளையமும் தெரிகிறது. செருமனியில் இக்காட்சிக்குப் பெயர்பெற்ற மலையின் பெயரால் இதனைப் பிராக்கன் பேயுரு என்பர். நிழல் பார்ப்பவருடையதே. மூட்டத்தின் நுண்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வளையம் உண்டாகிறது. பக்கத்தில் நிற்பவரின் தலையைச் சுற்றி வளையத்தைக் காண முடியாது. ஒவ்வொருவருக்கும் தம் நிழலின் தலையைச் சுற்றி மட்டுமே அது தெரியும்.

புறநானூற்றில் விழுந்த மீன்

வானத்து ஒளியைக் கண்டு அஞ்சியதற்குத் தமிழில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று புறநானூற்றின் 229ஆம் பாடல். கூடலூர் கிழார் பாடிய இப்பாடல், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மறைவைப் பற்றியது. பங்குனி மாதத்தில் ஓர் இரவு வானிலிருந்து ஒரு மீன் எரிந்து விழுந்தது. அதைக் கண்ட புலவரும் பிறரும் தம் அரசனுக்குத் தீங்கு நேருமோ என்று கலங்கினர். ஏழாம் நாள் அரசன் இறந்தான்.

இப்பாடலில் அரசனின் சாவுக்கும் எரிமீனுக்கும் காட்டப்படும் தொடர்பை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் புலவர் தந்துள்ள குறிப்புகள் கவனிக்கத்தக்கவை. மாதம் எது, இரவில் எந்தப் பொழுது, அப்போது உச்சியிலிருந்து சாய்ந்த நாண்மீன் எது, எதிரே எழுந்தது எது, மறைந்துகொண்டிருந்தது எது, விழுந்த மீன் எந்தத் திசைகளில் செல்லவில்லை என்பவற்றையெல்லாம் அவர் சொல்லுகிறார். இன்று எரிமீன்களை ஆய்பவர்கள், கண்டவரிடம் கேட்பவையும் இவையே. அதனால்தான் பிற்கால ஆய்வாளர்கள் இப்பாடலைக் கொண்டு அந்நிகழ்வின் காலத்தைக் கணிக்க முயன்றனர்.

எரிமீன் என்பது விண்வெளியிலிருந்து வரும் கல் அல்லது தூசித் துணுக்கு. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்தில் நுழையும்போது அதன் முன்னுள்ள காற்று அழுந்திச் சூடேறி ஒளிர்கிறது. பெரும்பாலானவை 80 முதல் 120 கி.மீ. உயரத்திலேயே அழிந்துவிடும்.

1883: சென்னையில் பச்சைச் சூரியன்

1883ஆம் ஆண்டு செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் நிறம் மாறித் தோன்றியது. எழும்போதும் விழும்போதும் செந்நிறமாக இருக்கவேண்டிய சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் காணப்பட்டது. ஒளி மங்கியிருந்ததால் வெறுங்கண்ணால் அதைப் பார்க்க முடிந்தது. சில நாட்களில் இது மறைந்து, அம்மாதம் 22ஆம் நாள் அளவில் மீண்டும் தோன்றியது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் முடிந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த சென்னை மாகாணத்தில், வானம் இவ்வாறு மாறியது மக்களைக் கலங்கச் செய்தது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித், இந்தப் பச்சைச் சூரியனை நிறமாலைக்காட்டி வழியாகப் பார்த்தார். நிறமாலைக்காட்டி என்பது ஒளியை அதன் நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி. வழியில் எந்த வாயு ஒளியை விழுங்கியதோ, அதற்குரிய இடத்தில் நிறமாலையில் கருங்கோடுகள் தெரியும். நிறமாலையின் சிவப்புப் பகுதி பொதுவாக மங்கியிருப்பதையும், நீராவிக்கு உரிய கோடுகள் மிக வலுத்திருப்பதையும் மிச்சி ஸ்மித் கண்டார். அவதானிப்பை எழுதி அறிவியல் இதழ்களுக்கு அனுப்பினார்.

முதல் விளக்கமும் திருத்தமும்

நீராவிக் கோடுகள் வலுத்திருந்ததால், காற்றில் மிகுந்துவிட்ட நீராவியே பச்சை நிறத்துக்குக் காரணம் என்ற கருத்துக்கு இடமேற்பட்டது. இங்கிலாந்தின் வானியலாளர் நார்மன் லாக்கியர், ஒரு நீராவிப் படகிலிருந்து வெளியேறிய ஆவியினூடே சூரியன் பச்சையாகத் தெரிந்ததைத் தாம் முன்பே கண்டிருந்தார். இதுவும் அக்கருத்துக்குத் துணையாயிற்று.

இதற்கிடையே வேறொரு காரணம் தெரியவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 26, 27ஆம் நாட்களில் சாவகத்துக்கும் சுமத்திராவுக்கும் இடையிலுள்ள கிரகடோவா எரிமலை வெடித்தது. வெடிப்பினாலும் அது எழுப்பிய கடற்பேரலைகளாலும் 36,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 4,800 கி.மீ. தொலைவில், இந்தியப் பெருங்கடலிலுள்ள ரொட்ரீகசு தீவிலும் அதன் ஓசை கேட்டது. அதன் பின் ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், பசிபிக் தீவுகள் என மேற்கு நோக்கி ஒவ்வொரு பகுதியிலும் அடுத்தடுத்த நாட்களில் சூரியன் நிறம் மாறியதாகச் செய்திகள் வந்தன.

லண்டன் வேந்தியக் கழகம் அமைத்த குழு, உலகெங்குமிருந்து இத்தகைய குறிப்புகளைத் திரட்டியது. கப்பல் தலைவர்கள், ஆசிரியர்கள், அதிகாரிகள், பயணிகள் எனப் பலரும் எழுதியிருந்தனர். நாளையும் இடத்தையும் வரிசைப்படுத்தியபோது, நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி மணிக்கு 100 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு தூசிமண்டலம் நகர்ந்தது புலனாயிற்று. அது உலகைச் சுற்றிவர ஏறத்தாழ 13 நாட்கள் எடுத்துக்கொண்டது. கிரகடோவாவிலிருந்து சென்னை ஏறத்தாழ 3,500 கி.மீ. தொலைவிலேயே இருக்கிறது. எனினும் செப்டம்பர் 9ஆம் நாளையொட்டி இங்கு வந்த மண்டலம் உலகை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. 22ஆம் நாள் அளவில் மீண்டும் பச்சைச் சூரியன் தெரிந்தது அடுத்த சுற்றின் வருகை. 1888இல் வெளிவந்த குழுவின் அறிக்கை, நிறமாற்றத்துக்கு எரிமலையே காரணம் என முடிவு செய்தது.

நிறம் ஏன் பச்சையாயிற்று என்பதற்கான இன்றைய விளக்கம் எளியது. காற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவை நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால் மாலைச் சூரியனில் சிவப்பு எஞ்சி நிற்கிறது. எரிமலை மேலே எறியும் நுண்தூசியும், அதன் கந்தக வாயுவிலிருந்து உண்டாகும் அமிலத் துளிகளும் அவற்றைவிடப் பெரியவை. அவற்றின் அளவு ஏறத்தாழ ஒளியின் அலைநீளத்தை ஒத்தும் ஒரே சீராகவும் இருக்குமானால், சிவப்பே மிகுதியாகச் சிதறும். பச்சையும் நீலமும் எஞ்சி நம் கண்ணை அடையும். மிச்சி ஸ்மித் குறித்திருந்த 'சிவப்பில் பொது மங்கல்' இதற்குப் பொருந்துகிறது. நீராவியைப் பற்றிய ஊகம் கைவிடப்பட்ட பின்னும் அவருடைய அவதானிப்பு பயனுடையதாகவே இருந்தது.

இந்த ஆய்வினால் எதிர்பாராத ஒரு கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே மிக உயரத்தில் கீழ்த்திசையிலிருந்து விரைந்து வீசும் ஒரு காற்றோட்டம் இருப்பதை உலகம் முதன்முதலில் அறிந்தது இந்தத் தூசியின் பயணத்தால்தான்.

மலைமேல் வானாய்வகம்

பெரும்பஞ்சத்துக்குப் பின் ஆங்கில அரசு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய விரும்பியது. அதற்குச் சூரியனை நாள்தோறும் தெளிவாகப் பார்க்கும் இடம் தேவைப்பட்டது. 1792 முதல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வானாய்வகம் கடற்கரைக் காற்றின் ஈரத்தாலும் தூசியாலும் இதற்கு ஏற்றதாக இல்லை. பழனிமலையிலும் நீலகிரியிலும் இடம் தேடும் பணி மிச்சி ஸ்மித்திடம் வந்தது. 1891இல் அரசு வானியலாளர் நார்மன் பாக்சன் இறந்ததும் அப்பொறுப்பையும் அவரே ஏற்றார்.

கொடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1895இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்த கொடைக்கானல் வானாய்வகம் 1899 ஏப்ரல் 1 முதல் தனிப்பொறுப்பில் இயங்கத் தொடங்கியது. சென்னையில் பச்சைச் சூரியனை ஆராய்ந்த மிச்சி ஸ்மித்தே இதன் முதல் இயக்குநர். 1911இல் அவர் ஓய்வு பெற்றதும், முன்பே அங்குப் பணியாற்றிவந்த ஜான் எவர்ஷெட் இயக்குநரானார். சூரியப்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் இங்கு நிறமாலை வழியாகக் கண்டறிந்தார். அது இன்றும் எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது.

பழனிமலையில் கிடைத்த விண்கல்

வானாய்வகம் இயங்கத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1898இல், பழனிமலையில் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள இரும்பு விண்கல் ஒன்று கிடைத்தது. உலக விண்கல் பட்டியல்களில் இது கொடைக்கானல் என்ற பெயரிலேயே இடம்பெற்றுள்ளது. இரும்புக்குள் சிலிக்கேட்டுக் கனிமங்கள் பொதிந்திருப்பது இதன் சிறப்பு. அக்கனிமங்களின் வயது ஏறத்தாழ 370 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது. சூரியக் குடும்பத்தின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள். எனவே இக்கல்லின் தாய்ப்பொருள் உருவான பின்னரும் பெரியதொரு மோதலால் சூடேறியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

இக்கல் விழுந்ததை யாரும் கண்டு குறிக்கவில்லை. அது கீழிறங்கிய இரவிலோ பகலிலோ மலையில் பேரொளியும் இடியொத்த ஓசையும் எழுந்திருக்கும். கூடலூர் கிழாரின் பாடலில் ஒளியைப் பற்றிய குறிப்பு உண்டு, கல் கிடைக்கவில்லை. கொடைக்கானலில் கல் கிடைத்தது, ஒளியைப் பற்றிய குறிப்பு இல்லை. விழுந்த நேரமும் திசையும் தெரிந்தால்தான் ஒரு விண்கல் சூரியனைச் சுற்றி எந்தப் பாதையில் வந்தது என்று கணக்கிட முடியும்.

1910: வால்வெள்ளி அச்சம்

1910இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது உலகெங்கும் அச்சம் பரவியது. வால்வெள்ளியின் ஒளியில் சயனோசன் என்னும் நச்சு வாயு இருப்பதை நிறமாலை காட்டியிருந்தது. மே 18–19ஆம் நாட்களில் பூமி அதன் வாலினூடே செல்லக்கூடும் என்றும் கணிக்கப்பட்டது. இரண்டையும் இணைத்துச் செய்தித்தாள்கள் எழுதியதால், மேலைநாடுகளில் நச்சுமுறி மாத்திரைகளும் விற்பனையாயின. தமிழ்நாட்டில் தூமகேது தோன்றினால் நாட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை முன்பே இருந்தது.

எவர்ஷெட் அந்நாட்களில் கொடைக்கானலிலிருந்து வால்வெள்ளியை ஒளிப்படமெடுத்தார். குறித்த நாட்கள் வந்து போயின. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. வாலில் நச்சு வாயு இருந்தது உண்மை. ஆனால் வால் மிக மிக அடர்த்தி குறைந்தது. அதிலுள்ள வாயு பூமியின் காற்றில் கலந்து எந்த விளைவையும் உண்டாக்கக்கூடியது அன்று. ஒரு பொருள் இருக்கிறது என்பதோடு நின்றுவிட்டு, எவ்வளவு இருக்கிறது என்று கேளாமல் விட்டதால் எழுந்த அச்சம் இது.

சூரியனும் செவ்வொளியும்

துருவப் பகுதிகளில் இரவு வானில் தோன்றும் துருவ ஒளி, மிக அரிதாகத் தெற்கே இந்தியாவிலும் தென்பட்டுள்ளது. 1872 பிப்ரவரி 4ஆம் நாள் இரவு அது பம்பாயில் காணப்பட்டது. தந்திக் கம்பிகளிலும் அப்போது இடையூறு ஏற்பட்டது.

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கும்போது இவ்வொளி உண்டாகிறது. 200 கி.மீ.க்கு மேற்பட்ட உயரத்தில் ஆக்சிசன் அணுக்கள் கிளர்ந்து செந்நிறத்தில் ஒளிர்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மேலடுக்கின் சிவப்பு மட்டுமே அடிவானத்துக்கு மேல் தெரியும். 2024 மே 10–11ஆம் நாட்களின் இரவில் லடாக்கின் ஹான்லேயில் இத்தகைய செவ்வொளி பதிவாயிற்று. அங்குள்ள வானாய்வகத்தையும் கொடைக்கானல் வானாய்வகத்தையும் நடத்துவது இந்திய வானியற்பியல் நிறுவனமே. கொடைக்கானலில் வைணு பாப்பு இயக்குநராக இருந்த காலத்தில், 1971இல் இது தன்னாட்சி நிறுவனமாகிப் பின்னர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது.

இத்தகைய சூரியப் புயல்கள் எப்போது வரும் என்று கணிக்கச் சூரியனின் பழைய நடத்தையை அறிந்திருக்க வேண்டும். கொடைக்கானலில் 1904 முதல் சூரியனின் ஒளிப்படங்கள் நாள்தோறும் எடுக்கப்பட்டு வந்துள்ளன. நூறாண்டுக்கு மேற்பட்ட இந்தத் தொடர், இன்று எண்ணிம வடிவில் உலக ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. மழையைக் கணிக்க என்று தொடங்கப்பட்ட பணி, துருவ ஒளியையும் செயற்கைக்கோள்களுக்கு வரும் ஆபத்தையும் புரிந்துகொள்ள உதவுகிறது.

2012–13: எல்லையில் தெரிந்த இரு ஒளிகள்

வானத்து ஒளியைத் தவறாகப் புரிந்துகொள்வதன் விலை இக்காலத்தில் மிகப் பெரிதாக இருக்கக்கூடும். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கின் பாங்காங் ஏரியை அடுத்த பகுதியில் இந்தியப் படைவீரர்கள் இனந்தெரியாத ஒளிகளை 329 முறை கண்டு பதிவு செய்தனர். அவற்றுள் 155 முறை அவை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்ததாகக் கருதப்பட்டன. சீனாவின் ஆளில்லா வேவு விமானங்கள் என்ற ஐயம் எழுந்தது. 2013 ஏப்ரலில் அதே எல்லையின் வேறொரு பகுதியில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே கூடாரமடித்து நின்ற காலம் அது.

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உதவி நாடப்பட்டது. ஒளிகள் விண்மீன்களோடு சேர்ந்து நகர்கின்றனவா, அவற்றைக் கடந்து செல்கின்றனவா என்பதே முதலில் தீர்க்கவேண்டிய வினா. பதிவுகளைக் கோள்களின் நிலையோடு ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. அவை வியாழனும் வெள்ளியும். உயர்ந்த மலைநாட்டின் தெளிந்த காற்றில் கோள்கள் மிகுந்த ஒளியுடன் தெரியும். மலைமுகட்டை ஒட்டி இருக்கும்போது காற்றின் அசைவால் அவை நிறம் மாறித் துடிக்கும். இருளில் ஒரே புள்ளியை நெடுநேரம் உற்றுப் பார்த்தால், நிலையாக நிற்கும் ஒளியும் நகர்வதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். வீரர்கள் கண்டது பொய்யன்று. அவர்கள் ஒவ்வொரு முறையும் குறித்து வைத்ததால்தான் அது எதுவென்று தெளிந்தது.

ஒளியை இனங்காணல்

இன்று மேல்மலை ஊர்களில் இரவில் வானைப் பார்ப்பவர் காணும் ஒளிகளில் பெரும்பாலானவற்றைச் சில வினாக்களால் அடையாளம் காணலாம்.

எவ்வளவு நேரம் நீடித்தது? சில நொடிகளில் மறைந்தால் எரிமீன். நான்கைந்து நிமிடங்கள் சீராக நகர்ந்தால் செயற்கைக்கோள். மணிக்கணக்கில் நின்றால் கோள் அல்லது விண்மீன்.

விண்மீன்களைக் கடந்து நகர்கிறதா? மரக்கிளை அல்லது கூரை விளிம்பை அடையாளமாக வைத்துப் பார்க்கவேண்டும். விண்மீன்களோடு சேர்ந்தே மெல்ல மேற்கே சாய்ந்தால் அது வானியல் பொருள்.

எந்த நேரம்? அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் நமக்கு இருட்டாக இருக்கும்போது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்கள்மேல் வெயில் படும். அவை நடுவானில் திடீரென மறைவது பூமியின் நிழலுக்குள் நுழைவதால். 2019 மே மாதம் முதல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஒரே ஏவுகணையில் பல பத்தாக அனுப்பப்படுகின்றன. ஏவப்பட்ட முதல் சில நாட்களில் அவை ஒரே கோட்டில் தொடர்வண்டி போலச் செல்வது உலகெங்கும் புதிராகப் பேசப்பட்டது.

வேறு எங்கிருந்து பார்த்தார்கள்? நிலவைச் சுற்றிய வட்டத்தை அருகூரிலுள்ளவர்களும் காண்பர். எரிமீனைப் பல மாவட்டங்களில் காண்பர். பிராக்கன் பேயுருவின் ஒளிவளையம் நிற்பவருக்கு மட்டுமே உரியது. இரண்டு ஊர்களிலிருந்து ஒரே எரிமீனைப் பார்த்தவர்கள் திசையைச் சரியாகச் சொன்னால், அதன் உயரத்தையும் அது விழுந்த இடத்தையும் கணக்கிடலாம்.

இவ்வினாக்களுக்கு விடை சொல்லப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நாள், மணி, திசை, கையை நீட்டி விரல்களால் அளந்த உயரம், நீடித்த நேரம் ஆகியவற்றை அப்போதே எழுதி வைத்தால் போதும். கண்ட உடனேயே விளக்கமும் கிடைத்தாக வேண்டும் என்பதில்லை. 1883இல் கப்பல்களிலும் ஊர்களிலும் இருந்து சூரியனின் நிறத்தைக் குறித்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் தெரியாது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அவர்களுடைய குறிப்புகளை ஒன்றுசேர்த்தபோதே உலகைச் சுற்றிய தூசியின் பாதை தெரிந்தது.